அப்பிள் மரத்தின் வேர்

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டொக்டர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, இரத்த அழுத்தம், மிஞ்சினால் டெங்கு என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். தலைப்பு என்ன என்று செயலாளர் அக்கா கேட்டபோது, "அப்பிள் தோட்ட ஆராய்ச்சி" என்றேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏன், நுவரெலியாவில் காணி ஏதும் வாங்கிவிட்டீரா?" என்று கேட்டார். வாங்கவில்லை அக்கா. காரணத்தைச் சொல்கிறேன்.

2022ஆம் ஆண்டு. எரிபொருள் வரிசையும் மின்வெட்டுமாக இருந்த காலம். சிறுவர் வார்ட் ஒன்றில் நியூமோனியா வந்து தேறிக்கொண்டிருந்த ஐந்து வயதுப் பிள்ளை. தாய் கூலி வேலை செய்பவர். நான் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது தாய் மெதுவாகக் கேட்டார்: "டொக்டர், அப்பிள் ஒன்னும் வாங்கிக் குடுக்க ஏலாமப் போச்சு. அதனாலதானா பிள்ளை இன்னும் மெலிஞ்சு கெடக்குது?" பக்கத்துக் கட்டிலில் யாரோ கொண்டுவந்த நான்கு அப்பிள்கள் பையோடு இருந்தன. அவருடைய கட்டிலில் வீட்டு மரத்துக் கொய்யாப்பழம் இரண்டு, துணியில் சுற்றி, கொஞ்சம் ஒளித்து வைத்தது போல.

அம்மா, கொய்யாதான் திறம் என்றேன். உண்மையும் அதுதான். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேல் விற்றமின் சி இருக்கிறது. அதே அளவு அப்பிளில் 5 மில்லிகிராம் இருந்தால் பெரிது. தாய் தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை. ஏழையைச் சமாதானப்படுத்த டொக்டர் சொல்லும் வார்த்தை என்று எடுத்துக்கொண்டார். அந்த முகம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கோ குளிர்தேசத்தில் காய்க்கும் ஒரு பழம், எங்கள் தாய்மாருக்கு மருந்துக்குச் சமமாக எப்படி ஆனது? அதைத் தேடித்தான் வாசிக்கத் தொடங்கினேன்.

நான் ஒருகொடவத்தைப் பிள்ளை. அங்கிருந்து பஸ்ஸில் வந்து படித்துப் போனவள். சந்தியில் கொள்கலன் லொறிகள் வரிசையாக நிற்கும். சுங்கத்தின் பரிசோதனை முற்றம் அங்கேதான். சில கொள்கலன்களின் நெற்றியில் ஓர் இயந்திரம் உறுமிக்கொண்டே இருக்கும். "அது குளிர்ப்பெட்டி, உள்ளே அப்பிள், திராட்சை" என்பார் அப்பா. பழத்துக்கு ஏன் இயந்திரம் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. முப்பது வருடம் கழித்துக் கேட்டபோது, பழத்துக்குள் ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சி இருப்பது தெரிந்தது.

முதலில் சிட்னி சகோதரிகளுக்கு ஒரு செய்தி. நீங்கள் சாமான் வாங்கப் போகும் ஈஸ்ட்வூட், றைட் பகுதியில்தான், 1868 அளவில், மரியா ஆன் சிமித் என்ற ஒரு வயோதிப மாது, ஓடைக்கரைக் குப்பையில் தானாக முளைத்த ஒரு கன்றைப் பிடுங்கி எறியாமல் விட்டார். அதுதான் கிரானி சிமித், எங்கள் கடைகளில் கிடக்கும் பச்சை அப்பிள். இரண்டு வருடத்தில், 1870இல், அவர் இறந்துவிட்டார். தன் பெயர் உலகம் சுற்றப் போவது அவருக்குத் தெரியாது. ரொறொன்ரோக்காரர் கோபிக்கக் கூடாது, உங்கள் மக்கின்ரொஷ் அப்பிளும் அப்படித்தான்: 1811இல் ஒன்ராறியோவில் ஜோன் மக்கின்ரொஷ் என்ற குடியேறி காடு வெட்டும்போது கண்ட கன்றுகளில் ஒன்று.

ஏன் இப்படித் தற்செயலுக்குக் காத்திருக்க வேண்டும்? அப்பிள் விதையைப் போட்டால் தாய்மரத்தின் பழம் வராது. ஒவ்வொரு விதையும் ஒரு புது லொத்தர்ச் சீட்டு. பெரும்பாலும் புளிப்பும் துவர்ப்பும்தான் விழும். ஆகவே நல்ல மரம் ஒன்று கிடைத்தால் அதன் துண்டை வெட்டி வேறு வேரில் ஒட்டவேண்டும். இன்று உலகில் உள்ள ஒவ்வொரு கிரானி சிமித் மரமும் அந்தப் பாட்டியின் மரத்தின் துண்டுதான். மேலே இருக்கும் ஒட்டுமுளைக்குத்தான் பெயரும் புகழும். கீழே மண்ணுக்குள் இருக்கும் ஒட்டுக்கட்டைக்குப் பெயரே இல்லை.

அந்தப் பெயரில்லாத வேரைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன்.

லண்டனில் இருந்து கென்ற் பக்கம் போகிறவர்கள் ஈஸ்ட் மோலிங் என்ற ஊரைக் கடந்திருப்பீர்கள். அங்கே 1913இல் ஒரு பழ ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. எங்கள் சங்கத்தை விடக் கொஞ்சம் மூத்தது. மரத்தைக் கட்டையாக வளர்க்கும் 'பரடைஸ்' என்ற வேரை நாற்றுமேடைக்காரர் பல நூறு வருடமாக விற்றுவந்தார்கள். ஆனால் ஒரே பெயரில் பத்து விதமான வேர் கலந்து கிடந்தது. ஒரே தோட்டத்தில் ஒரு மரம் ஆள் உயரம், அடுத்தது வீட்டுக் கூரை உயரம். றொனால்ட் ஹற்றன் என்பவர் பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் இருந்த நாற்றுமேடைகளில் இருந்து அந்த வேர்களைச் சேர்த்தார், நட்டார், இலை, தண்டு, வேர் என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தார், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுத்தார். 1917இல் அந்த வகைப்படுத்தலை வெளியிட்டார். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, மாணவிகளே. கலந்து கிடந்ததைப் பிரித்து லேபல் ஒட்டினார். அவ்வளவுதான். அதற்கு வருடக்கணக்கில் ஒரே வயலில் குனிந்து நிற்க வேண்டியிருந்தது. போர்க்காலம் வேறு.

அதில் ஒன்பதாம் இலக்கம், எம்.9, இன்றைக்கு உலகம் முழுவதும் அப்பிள் தோட்டங்களைத் தாங்குகிறது. விதையில் முளைத்த வேரில் நிற்கும் மரம் 25, 30 அடி போகும். காய்க்க ஏழெட்டு வருடம் எடுக்கும். எம்.9 வேரில் நிற்பது பத்தடிக்குள் அடங்கும், இரண்டாம் மூன்றாம் வருடமே காய்க்கும். முன்பு ஒரு ஹெக்டயரில் நூறு மரம் நின்ற இடத்தில் இப்போது 2,500, 3,000 மரம் நிற்கிறது, கம்பியில் படரவிட்ட கொடி மாதிரி. மரம் தன் சாப்பாட்டை விறகாக்காமல் பழமாக்குகிறது. குறையும் உண்டு: அந்த வேர் பலவீனமானது, முட்டுக் கொடுக்காவிட்டால் காற்றுக்குச் சாய்ந்துவிடும். குளிர் கூடிய நாடுகளில் செத்தும் போகும். ஆகவே இன்றும் புது வேர் தேடுகிறார்கள்.

டொக்டர் கண்ணுக்குப் படுவது வேறொன்று. கட்டை மரம் என்றால் ஏணி தேவையில்லை. தரையில் நின்றே பறிக்கலாம். விழுந்து இடுப்பு முறிவதும் கழுத்து முறிவதும் குறைகிறது. யாழ்ப்பாணத்தில் வேலை செய்த எந்த டொக்டரையும் கேளுங்கள். பனையில் இருந்து விழுந்து, முள்ளந்தண்டு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் முப்பது வயதில் கட்டிலோடு கிடக்கும் ஆண்களைப் பார்த்திருப்பார்கள். பனையைக் கட்டையாக்க எந்த ஹற்றனும் வரவில்லை. தென்னையில் மட்டும் லுணுவில தென்னை ஆராய்ச்சி நிறுவகம் குட்டை இனத்தையும் நெட்டை இனத்தையும் கலந்து உயரம் குறைந்த கலப்பினங்களைத் தந்திருக்கிறது. ஒரு மரம் எவ்வளவு உயரம் வளர வேண்டும் என்பது விவசாயக் கேள்வி மட்டும் அல்ல என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

சரி, பழம் பறித்தாகிவிட்டது. அடுத்தது அந்த உறுமும் இயந்திரம்.

பறித்த பிறகும் அப்பிள் உயிரோடு இருக்கிறது, மூச்சு விடுகிறது. ஒக்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடுகிறது, தன் சீனியைத் தானே எரிக்கிறது. மூச்சு வேகமானால் சீக்கிரம் பழுத்துச் சாகும். முதலாம் உலகப் போர் முடியும் காலத்தில் கேம்பிரிட்ஜில் பிராங்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இருவர் அந்த மூச்சை மெதுவாக்க முடியுமா என்று பார்த்தார்கள். குளிர் மட்டும் போதாது. அறையின் காற்றையே மாற்றினார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒக்சிசன் 21 வீதம். இன்றைய அப்பிள் களஞ்சிய அறைகளில் அது 1 முதல் 3 வீதம் வரைதான். கென்ற்றில் இந்த முறையில் முதல் வர்த்தகக் களஞ்சியம் 1929இல் வந்தது. மயக்க மருந்து நிபுணர் ஒருவர் நோயாளியின் சுவாசத்தைக் கவனிப்பது போல ஒரு பழத்தின் சுவாசத்தைக் கவனிக்கிறார்கள். தவறி உள்ளே போகும் மனிதர் சில நொடியில் மயங்கி விழுவார். அப்படி இறந்தவர்களும் உண்டு.

இந்த அறைகளால்தான் செப்டெம்பரில் பறித்த அப்பிளை அடுத்த ஜூனில் மொறுமொறு என்று கடிக்கிறோம். "புது அப்பிள்" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாங்குங்கள்.

பழுத்த பழம் ஒன்று பக்கத்தில் இருக்கும் காயையும் பழுக்க வைக்கும் என்பது எங்கள் பாட்டிமாருக்குத் தெரியும். மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் வாழைக்குலையைக் குழியில் வைத்துப் புகை போட்டார்கள். அந்தப் புகையிலும் பழுத்த அப்பிளின் மூச்சிலும் இருப்பது ஒரே வாயு, எதிலீன். அப்பிள் தானே அதை உண்டாக்குகிறது என்று 1934இல் கேன் என்ற விஞ்ஞானி காட்டினார். அறுபது வருடம் கழித்து, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சில்வியா பிளாங்கன்ஷிப் என்ற பெண் விஞ்ஞானியும் எட்வர்ட் சிஸ்லரும் எதிலீனின் வேலையை மறிக்கும் ஒரு வாயுவைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் மொழியில் சொன்னால் அது ஒரு ஏற்பி மறிப்பான்; பூட்டுக்குள் வேறு திறப்பை ஒடித்து வைப்பது போல. இருதயத்துக்கு நான் எழுதும் சில மாத்திரைகளும் இதே வித்தைதான் செய்கின்றன. அதை வாசித்தபோது ஒரு பழைய சிநேகிதியைக் கண்டது போல இருந்தது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும், எனக்குத் தெரியும். "டொக்டர், அந்த மெழுகு?" அப்பிள் தோலில் இயற்கையாகவே மெழுகு உண்டு. பொதி செய்யுமுன் கழுவும்போது கொஞ்சம் போய்விடுவதால், அரக்கில் இருந்தோ ஒரு வகைப் பனையோலையில் இருந்தோ எடுத்த மெழுகை மெல்லியதாகப் பூசுகிறார்கள். அது மெழுகுதிரி மெழுகு அல்ல, உடம்பில் சேர்வதும் இல்லை. தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிச் சாப்பிடுங்கள். கத்தியால் சுரண்டி வீடியோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டாம்.

நான் கவலைப்படுவது மெழுகைப் பற்றி அல்ல, பீடைநாசினியைப் பற்றி. அப்பிளுக்குள் புழு வைக்கும் அந்துப்பூச்சி ஒன்று உண்டு, கொட்லிங் அந்து. அதைக் கொல்ல இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்கத் தோட்டங்களில் ஈய ஆசனேற்று தெளித்தார்கள். ஈயமும் ஆசனிக்கும் ஒரே போத்தலில்! சில பழைய தோட்ட மண்ணில் அது இன்றும் கிடக்கிறது. பிறகு வேறு நஞ்சுகள் வந்தன. மாற்றம் வந்தது ஆராய்ச்சியால். பெண் அந்து ஆணைக் கூப்பிட விடும் வாசனை எது என்று 1971இல் கண்டுபிடித்தார்கள். அதையே செயற்கையாகச் செய்து தோட்டம் முழுவதும் தொங்கவிட்டால், எங்கும் வாசனை. எந்தப் பெண்ணிடம் போவது என்று ஆணுக்குத் தெரியாது. சோடி சேராவிட்டால் முட்டை இல்லை, புழு இல்லை. நஞ்சு தெளிப்பதும் அந்த அளவுக்குக் குறைகிறது.

எங்கள் நாட்டில் இந்த விஷயத்துக்கு விலை வேறு. கிராமத்து வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பீடைநாசினிப் போத்தலால் எத்தனை உயிர் போனது என்று என் வயது டொக்டர்கள் எல்லோருக்கும் தெரியும். மிகக் கொடிய நஞ்சுகளைத் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இருந்து அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995இல் இலட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் 2005இல் 24 ஆகக் குறைந்தது. எந்த மருந்தையும் விட அதிக உயிரைக் காத்த நடவடிக்கை அது என்று நான் நினைக்கிறேன். நஞ்சு இல்லாமல் பூச்சியைச் சமாளிக்க வழி தேடும் ஒவ்வோர் ஆராய்ச்சியும் எனக்கு வைத்திய ஆராய்ச்சிதான்.

இனி அக்கா கேட்ட நுவரெலியாக் காணி. அப்பிள் மரம் குளிர்காலத்தில் உறங்க வேண்டும். ரெட் டெலிசியஸ் போன்ற இனங்களுக்கு ஏழு பாகைக்குக் கீழே ஆயிரம் மணித்தியாலம் அளவு குளிர் வேண்டும். இல்லாவிட்டால் மொட்டு சரியாக விழிக்காது. ஒரு கிளை பூக்க மறு கிளை தூங்கும். இந்தியாவில் அப்பிள் இமயமலையில் செழித்ததற்குக் காரணம் அதுதான். அங்கே ரெட் டெலிசியஸைக் கொண்டுபோனவர் சாமுவேல் ஸ்ரோக்ஸ் என்ற அமெரிக்கர். 1904இல் தொழுநோயாளருக்குச் சேவை செய்ய வந்தவர், கோட்கரில் தங்கி, 1916 அளவில் கன்றுகளை வரவழைத்து நட்டு, அயல் உழவருக்கும் கொடுத்தார். பின்னாளில் சத்தியானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார். தொழுநோயில் தொடங்கிய ஒருவர் அப்பிளில் முடிந்ததால், என்னைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு அவருடைய கதையைத்தான் சொல்வேன்.

தமிழ்நாட்டிலும் அப்பிள் உண்டு. கொடைக்கானலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், அதிகக் குளிர் கேட்காத பார்லின்ஸ் பியூட்டி என்ற இனத்தில் இருந்து தெரிந்தெடுத்து 'கேகேஎல் 1' என்ற இரகத்தை வெளியிட்டிருக்கிறது. இஸ்ரேலில் உருவான 'அன்னா' இனமும் கொஞ்சக் குளிரோடு திருப்திப்படும். எல்லாவற்றிலும் விசித்திரம் கிழக்கு ஜாவாவின் பத்து என்ற மலையூர். பூமத்தியரேகைக்கு எட்டுப் பாகை தெற்கே, குளிர்காலமே இல்லை. பழம் பறித்துச் சில வாரத்தில் உழவர்கள் இலை முழுவதையும் கையால் உருவி விடுகிறார்கள். மரம் உறங்கப் போகுமுன்னே மீண்டும் தளிர்த்துப் பூக்கிறது. வருடத்துக்கு இரண்டு போகம். தூங்க விடாமல் வேலை வாங்குவது. எங்கள் பயிற்சி டொக்டர்களின் வாழ்க்கை ஞாபகம் வந்தது.

அப்படியானால் நுவரெலியாவிலும் முடியுமா? சில மரம் காய்க்க வைக்கலாம். ஆனால் இரண்டு பருவமழையும் நனைக்கும் மலை அது. ஈரம் என்றால் அப்பிளுக்குப் பங்கசு, பங்கசு என்றால் மீண்டும் மருந்து தெளிப்பு. வீட்டுக்கு இரண்டு மரம் வையுங்கள், சந்தோஷம். கொள்கலனோடு போட்டி போட வேண்டாம்.

எனக்கு வேண்டியது வேறு. அந்தத் தாயின் துணியில் சுற்றியிருந்த கொய்யா, சத்தில் அப்பிளுக்குத் தோற்கவில்லை. அது பறித்து நான்கைந்து நாளில் குழைந்துவிடுகிறது. உள்ளே பழ ஈயின் புழு இருக்குமோ என்ற பயம். மரத்துக்கு மரம் ருசி வேறு. இவை மூன்றுமே அப்பிளுக்கும் ஒரு காலத்தில் இருந்த நோய்கள்தான்: சேமிப்பு, பூச்சி, கலந்து கிடந்த இனம். மூன்றுக்கும் ஆட்கள் உட்கார்ந்து மருந்து கண்டார்கள். எங்களிடமும் ஒன்றும் இல்லாமல் இல்லை. ஹொரணையில் பழப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அனுராதபுரத்தில் அறுவடைக்குப் பிந்திய தொழில்நுட்பத்துக்கு ஒரு நிறுவகம் இருக்கிறது. பழ ஈயின் ஆணை இழுக்கும் வாசனைப் பொருள் எது என்று நூறு வருடத்துக்கு முன்பே பீகாரில் உள்ள பூசாவில் ஹவ்லெற் என்பவர் கண்டார். அது எங்கள் துளசியிலேயே இருக்கிறது. மாமரத்துக்குப் பொற்றாசியம் நைத்திரேற்று தெளித்துப் பருவம் தப்பிப் பூக்க வைக்கலாம் என்று பிலிப்பைன்ஸில் றாமோன் பார்பா காட்டி, அதற்கு உழவர்களிடம் உரிமைப் பணம் கேட்காமல் விட்டார். குறைவது ஆட்கள். எங்கள் கெட்டிக்காரப் பிள்ளைகளை எல்லாம் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தள்ளிவிட்டு, உயிரியலில் மூன்று ஏ எடுக்காதவர்தான் விவசாயத்துக்குப் போகவேண்டும் என்று வைத்திருக்கிறோம். நானும் அப்படித் தள்ளப்பட்டவள்தான்; குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருடம் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் மாணவியின் தாயார் இந்த மண்டபத்தில் இருந்தால், பிள்ளை விவசாய விஞ்ஞானம் என்று எழுதினால் அழ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செயற்குழுவிடம் ஒரு விண்ணப்பம். உயிரியல் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் நிற்கும் மாமரம் எங்கள் காலத்திலேயே பெரிய மரம். அது என்ன இனம் என்று யாருக்கும் தெரியாது. எந்த மாதம் பூக்கிறது, எத்தனை காய் பிடிக்கிறது, எத்தனையில் புழு என்று எழுதி வைத்தவரும் இல்லை. எறிந்து விழுத்தியவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஹற்றன் செய்தது போல ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குவோம். ஒவ்வொரு வருடமும் பத்தாம் ஆண்டு மாணவிகள் இருவர் பொறுப்பு. கொப்பி நான் வாங்கி வந்திருக்கிறேன், கட்டி அட்டை போட்டது, இருநூறு பக்கம். மரத்தில் மாட்டுவதற்கு 1 என்று இலக்கம் பொறித்த ஒரு தகரத் துண்டும் இருக்கிறது. தேநீருக்குப் பிறகு அதிபர் அனுமதி தந்தால், போய் மாட்டிவிட்டு வருவோம்.